மின்தேக்க உப்புநீக்கமும் கரி மின்முனைகளும்

நுண்துளைகள் நிறைந்த இரண்டு கரித் தகடுகளைச் சிறு இடைவெளி விட்டு எதிரெதிராக நிறுத்தி, நடுவே உப்புநீரை ஓடவிட்டு, அவற்றுக்கு 1.2 வோல்ட் அளவில் மின்னழுத்தம் கொடுத்தால், நீரில் கரைந்துள்ள சோடியம், கால்சியம் போன்ற நேரயனிகள் எதிர்மின்முனையின் துளைகளுக்குள் போய் அடைகின்றன. குளோரைடு, நைட்ரேட் போன்ற எதிரயனிகள் நேர்மின்முனையின் துளைகளுக்குள் அடைகின்றன. வெளியே வரும் நீரில் உப்பு குறைந்திருக்கும். சில நிமிடங்களில் துளைகள் நிரம்பிவிடும். அப்போது இரு தகடுகளையும் கம்பியால் இணைத்து மின்னிறக்கம் செய்தால், பிடிபட்ட அயனிகள் விடுபட்டுச் சிறிதளவு நீரில் செறிந்த கரைசலாக வெளியேறும். பிறகு மீண்டும் மின்னேற்றம். மின்தேக்கி ஆற்றலைச் சேமிக்கச் செய்கிற அதே செயலை உப்பைப் பிரிக்கப் பயன்படுத்துவதால் இதற்கு மின்தேக்க உப்புநீக்கம் என்று பெயர். இதில் உயரழுத்தப் பம்பு இல்லை. கொதிக்கவைக்கும் உலை இல்லை. முழுப் பொறுப்பும் கரியின் மேல் விழுகிறது. அந்தக் கரி எவ்வளவு உப்பைப் பிடிக்கிறது, எவ்வளவு விரைவில் பிடிக்கிறது, எத்தனை காலம் பிடித்துக்கொண்டே இருக்கிறது என்பதைக் கொண்டே இம்முறையின் தகுதி தீர்மானமாகிறது.

இன்று வீடுகள் முதல் ஆலைகள் வரை பரவியிருக்கும் ஆர்.ஓ. முறையில், அழுத்தத்தின் மூலம் நீர் சவ்வைக் கடந்து செல்கிறது, உப்பு பின்தங்குகிறது. மின்தேக்க முறையில் நகர்வது உப்பு. நீர் தன் வழியே போகிறது. ஒரு லிட்டர் உவர்நீரில் 2 கிராம் உப்பும் ஏறக்குறைய ஒரு கிலோ நீரும் இருக்கையில், குறைவாக இருப்பதை நகர்த்துவதே சிக்கனம். ஆனால் இந்தச் சிக்கனத்துக்கு எல்லை உண்டு. அதைக் கணக்கிட்டே காட்டலாம். ஒரு மோல் மின்னூட்டம் 96,485 கூலூம். ஒரு மோல் சாப்பாட்டு உப்பு 58.44 கிராம். மின்னூட்டம் சிறிதும் வீணாகவில்லை என்று வைத்துக்கொண்டாலும், 1 கிராம் உப்பைப் பிடிக்கச் சுமார் 1,650 கூலூம் செலுத்த வேண்டும். 1.2 வோல்ட்டில் அது 1,980 ஜூல். ஒரு கிலோ உப்புக்கு 0.55 கிலோவாட் மணி ஆகிறது. மின்கட்டணக் கணக்கில் அரை யூனிட்டுக்குச் சற்று மேல்.

இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் குடிநீர்த் தரம், ஐ.எஸ். 10500, 2012-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, கரைந்துள்ள திடப்பொருள் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை இருப்பதை ஏற்கிறது. வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் 2,000 மில்லிகிராம் வரை பொறுத்துக்கொள்கிறது. அந்த மேல் எல்லையிலிருக்கும் கிணற்று நீரைக் கீழ் எல்லைக்குக் கொண்டுவர, ஆயிரம் லிட்டருக்கு 1.5 கிலோ உப்பு நீங்க வேண்டும். செலவு 0.83 யூனிட். மின்னிறக்கத்தின்போது திரும்பக் கிடைக்கும் ஆற்றலில் ஒரு பகுதியை மீட்டால் இன்னும் குறையும். இதே முறையைக் கடல்நீரில் கையாண்டால் லிட்டருக்கு 35 கிராம் உப்பை நகர்த்த வேண்டும். ஆயிரம் லிட்டருக்கு 19 யூனிட் ஆகிவிடும். கடல்நீர் ஆர்.ஓ. ஆலைகள் அதை 3 முதல் 4 யூனிட்டில் முடிக்கின்றன. மீஞ்சூர், நெம்மேலி ஆலைகள் செய்யும் வேலைக்குக் கரி மின்முனைகளைக் கொண்டுவர நினைப்பது வீண். லிட்டருக்கு 1 முதல் 3 கிராம் வரை உப்பேறிய நிலத்தடி நீரே இவற்றின் களம். கடற்கரையிலிருந்து தொலைவிலுள்ள ஊர்களில் இத்தகைய ஆழ்துளைக் கிணறுகளுக்குக் குறைவில்லை. குடிக்க முடியாத அந்த நீரை வைத்துக்கொண்டு லாரித் தண்ணீருக்குக் காத்திருக்கும் மக்களுக்கும் குறைவில்லை. களம் சிறியதென்று எண்ண இடமில்லை.

அயனிகள் கரியோடு வேதிப் பிணைப்புக் கொள்வதில்லை. மின்னூட்டம் பெற்ற பரப்பை ஒட்டி எதிர்க்குறி அயனிகள் நீரில் திரண்டு நிற்கின்றன. இந்த மின் இரட்டை அடுக்கை முதலில் விளக்கியவர் 19-ஆம் நூற்றாண்டின் ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ். வெப்ப இயக்கம் காரணமாக அயனிகள் ஒரே தளத்தில் ஒட்டி நில்லாமல் சற்றுத் தள்ளியும் பரவி நிற்கும் என்று 1910-இல் கூயியும் 1913-இல் சாப்மனும் காட்டினர். இரு கருத்துகளையும் 1924-இல் ஸ்டெர்ன் இணைத்தார். பரவி நிற்கும் பகுதியின் தடிமன் உப்புச் செறிவைப் பொறுத்து மாறும். லிட்டருக்கு 1 கிராம் உப்புள்ள நீரில் அது ஏறத்தாழ 2.3 நானோமீட்டர். கிளர்வூட்டிய கரியின் பெரும்பாலான துளைகளின் அகலமோ 2 நானோமீட்டருக்கும் குறைவு. எனவே ஒரு துளையின் எதிரெதிர்ச் சுவர்களில் உருவாகும் அடுக்குகள் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. தட்டையான பரப்புக்கென எழுதிய சமன்பாடுகள் அங்கே செல்லுபடியாவதில்லை. நெதர்லாந்தைச் சேர்ந்த மார்ட்டன் பீஸ்ஹூவலும் உடன் ஆய்வாளர்களும் ஒவ்வொரு நுண்துளையையும், உள்ளே எங்கும் ஒரே மின்னழுத்தம் நிலவும் சிறு அறையாகக் கொண்டு, டொனான் சமநிலைக் கோட்பாட்டைத் திருத்திப் பயன்படுத்தினர். கரி எவ்வளவு உப்பைப் பிடிக்கும் என்று முன்கூட்டிச் சொல்வதில் இன்று பெரிதும் கைகொடுப்பது இந்தத் திருத்திய கோட்பாடுதான்.

மின்னூட்டம் கொடுக்கும் முன்பே துளைகளுக்குள் நேரயனிகளும் எதிரயனிகளும் சம அளவில் இருக்கின்றன. எதிர்மின்முனைக்கு எலக்ட்ரான்களைச் செலுத்தியதும் இரண்டு செயல்கள் ஒருசேர நடக்கின்றன: வெளியிலுள்ள நேரயனிகள் உள்ளே வருகின்றன, உள்ளே இருந்த எதிரயனிகள் வெளியே தள்ளப்படுகின்றன. முதல் செயலால் நீர் தூய்மையாகிறது. இரண்டாவதால் உப்பு நீருக்கே திரும்புகிறது. செலுத்திய மின்னூட்டத்தில் எவ்வளவு பங்கு உப்பைப் பிடிக்கப் பயன்பட்டது என்பதே மின்னூட்டத் திறன். குறைந்த மின்னழுத்தத்தில் இந்தத் திறன் மிகக் குறைவு. 1 வோல்ட்டை நெருங்கும்போதுதான் நல்ல நிலைக்கு வரும். நீர் தானே ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் சிதையத் தொடங்கும் எல்லை 1.23 வோல்ட். மின்முனை வடிவமைப்பவருக்குக் கிடைக்கும் இடம் இவ்விரண்டுக்கும் நடுவே உள்ள குறுகிய பட்டைதான்.

இந்த முறையின் வரலாறு 1960-இல் அமெரிக்காவின் ஒக்லஹோமா பல்கலைக்கழகத்தில் தொடங்குகிறது. பிளேர், மர்ஃபி என்ற இருவர், பரப்பு மிகுந்த நுண்துளைக் கரி மின்முனைகளைக் கொண்டு நீரின் உப்பை நீக்கிக் காட்டினர். அயனிகள் கரிப் பரப்பிலுள்ள குயினோன் போன்ற தொகுதிகளோடு வினைபுரிந்து பிடிபடுகின்றன என்பதே அக்காலத்து விளக்கம். அந்த விளக்கத்தை நம்பியதால் கரியின் வேதித் தொகுதிகளைத் தேடுவதிலேயே பத்தாண்டு கழிந்தது. ஜான்சனும் நியூமனும் 1971-இல் வெளியிட்ட ஆய்வு, நடப்பது வேதிவினை அன்று, இரட்டை அடுக்கின் மின்னேற்றமே என்று கணித அடிப்படையில் நிறுவியது. மின்முனை நெடுங்காலம் உழைக்குமானால் இம்முறை சிக்கனமானது என்ற முடிவுக்கும் அவர்கள் வந்தனர். அந்த நிபந்தனை அரை நூற்றாண்டுக்குப் பின்னும் முழுமையாக நிறைவேறவில்லை. இஸ்ரேலில் சோஃபரும் ஓரெனும் 1970-களில் இத்துறையை உயிரோடு காத்தனர். பிறகு கலிஃபோர்னியாவின் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்தில் பெக்காலா உருவாக்கிய கரி ஏரோஜெல்லைக் கொண்டு ஜோசஃப் ஃபார்மர் குழு 1996-இல் வெளியிட்ட முடிவுகள் உலகின் கவனத்தை மீண்டும் ஈர்த்தன. ரிசார்சினாலையும் ஃபார்மால்டிஹைடையும் கூழ்மமாக்கி, அது சுருங்காதபடி உலர்த்தி, காற்றில்லாமல் சுட்டெடுக்கும் அந்தக் கரி, கிராமுக்கு 400 முதல் 1,100 சதுர மீட்டர் பரப்பு உடையது. ஒரே துண்டாக இருப்பதால் மின்சாரத்தையும் நன்றாகக் கடத்தும். ஆனால் விலை அதிகம். பிடிக்கும் உப்பு கிராமுக்குச் சில மில்லிகிராம்தான்.

ஏரோஜெல்லின் புகழ் ஒரு தவறான போட்டிக்கும் வழிவிட்டது. பரப்பு கூடினால் உப்பும் கூடும் என்ற எண்ணத்தில், கிராமுக்கு 2,000, 3,000 சதுர மீட்டர் என்று பரப்பைப் பெருக்கும் முயற்சிகள் தொடர்ந்தன. பரப்பை அளக்கும் வழக்கமான முறை, 1938-இல் புருனாவர், எம்மெட், டெல்லர் ஆகியோர் வகுத்தது: திரவ நைட்ரஜன் வெப்பநிலையில் கரி எவ்வளவு நைட்ரஜன் வாயுவைப் பிடிக்கிறது என்று பார்ப்பது. நைட்ரஜன் மூலக்கூறு நுழையும் துளைக்குள் நீர் சூழ்ந்த அயனியும் நுழையும் என்பதற்கு உறுதி எதுவும் இல்லை. நீர்ப்போர்வையோடு சேர்த்தால் சோடியம் அயனியின் விட்டம் 0.72 நானோமீட்டர், குளோரைடின் விட்டம் 0.66 நானோமீட்டர். இதைவிடக் குறுகலான துளைக்குள் நுழைய வேண்டுமானால் அயனி தன் நீர்ப்போர்வையில் ஒரு பகுதியைக் கழற்ற வேண்டும். அதற்கு ஆற்றல் தேவை. ஆகவே ஆய்வறிக்கையில் எழுதும் பரப்பும் அயனிகளுக்குப் பயன்படும் பரப்பும் வேறுவேறு. கிராஃபீனின் கதையும் இதுதான். ஒற்றைத் தாளாகக் கிராமுக்கு 2,630 சதுர மீட்டர் இருக்க வேண்டிய அதன் பரப்பு, உலரும்போது தாள்கள் ஒன்றன்மேல் ஒன்று படிவதால் பெருமளவு மறைந்துபோகிறது.

கரிக்கு எவ்வளவு உப்பைப் பிடிக்கும் வலிமை உண்டு என்று தாளில் கணக்குப் போட்டே பார்க்கலாம். ஒரு சதுர சென்டிமீட்டர் கரிப் பரப்பின் மின்தேக்குதிறன் ஏறத்தாழ 10 மைக்ரோஃபாரட். பயன்படும் பரப்பு கிராமுக்கு 1,000 சதுர மீட்டர் என்றால், கிராமுக்கு 100 ஃபாரட். சம எடையுள்ள இரு மின்முனைகள் தொடராக இணைவதால், மொத்தக் கரியின் எடையில் கணக்கிட அது 25 ஃபாரட்டாகக் குறைகிறது. 1.2 வோல்ட்டில் 30 கூலூம். அதற்கு ஈடான உப்பு 18 மில்லிகிராம். மின்னூட்டத் திறன் 70 விழுக்காடு என்றால் கிராமுக்கு 12.7 மில்லிகிராம். நல்ல கிளர்வூட்டிய கரிகள் ஆய்வகத்தில் காட்டும் 10 முதல் 15 மில்லிகிராம் என்ற அளவோடு இது ஒத்துப்போகிறது. சவ்வும் சிறப்புப் பூச்சும் இல்லாத வெறும் கரி இதைப்போல் பலமடங்கு உப்பைப் பிடித்தது என்று யாரேனும் எழுதினால், அளவீட்டை மறுபடி பார்ப்பது நல்லது.

அப்படியானால் எந்தத் துளை நல்லது? இதற்கான முதல் தெளிவு மின்தேக்கி ஆய்விலிருந்து வந்தது. டைட்டேனியம் கார்பைடைக் குளோரின் வாயுவில் சூடாக்கினால் டைட்டேனியம் குளோரைடாக வெளியேறி, அது இருந்த இடம் துளையாக எஞ்சும். சூட்டின் அளவை மாற்றினால் துளையின் அகலத்தையும் மிக நுட்பமாக மாற்றலாம். இவ்வகைக் கரிகளைக் கொண்டு அமெரிக்காவின் யூரி கோகோட்சியும் பிரான்சின் பத்ரீஸ் சிமோனும் சேர்ந்த குழு 2006-இல் ஒரு வியப்பான முடிவை வெளியிட்டது: துளை 1 நானோமீட்டருக்குக் கீழே குறுகும்போது, ஒரு சதுர சென்டிமீட்டருக்கான மின்தேக்குதிறன் குறையாமல் ஏறுகிறது. அதுவரை பயனற்றவை என்று ஒதுக்கப்பட்ட மிகக் குறுகிய துளைகளே பயன் மிகுந்தவை ஆயின. பிறகு பொராடா, ப்ரெஸ்ஸர், பீஸ்ஹூவல் ஆகியோர் அதே கரிகளை உப்புநீக்கத்தில் சோதித்து, நீரிலும் 1 நானோமீட்டருக்குக் குறைந்த துளைகளின் பங்கு கூடக் கூடப் பிடிபடும் உப்பும் கூடுகிறது என்று உறுதிசெய்தனர். மொத்தப் பரப்பைக் காட்டிலும், எந்த அகலத்தில் எவ்வளவு கனஅளவு துளை இருக்கிறது என்பதே நம்பத்தக்க வழிகாட்டி.

குறுகிய துளை மட்டும் இருந்தாலும் காரியம் ஆகாது. அயனி உள்ளே போய்ச்சேர வழி வேண்டும். 2 நானோமீட்டர் முதல் 50 நானோமீட்டர் வரையுள்ள இடைத்துளைகளும், அதற்கும் மேலான பெருந்துளைகளும் அந்த வழிகள். ஊரில் பெருஞ்சாலையும் தெருவும் சந்தும் அமைந்திருப்பதுபோல் மூன்று அளவுத் துளைகளும் இணைந்திருந்தால்தான் சில நிமிடங்களுக்குள் மின்முனை நிரம்பும். ஆனால் பெரிய துளைகள் உப்பைப் பிடிப்பதில்லை. இடத்தை மட்டும் அடைத்துக்கொள்கின்றன. மின்முனைத் தகட்டை அடர்த்தியாக அழுத்தினால் கனஅளவுக்குப் பிடிக்கும் உப்பு கூடும், வேகம் குறையும். தகட்டைத் தடிப்பாக்கினாலும் இதே விளைவுதான்: உட்பகுதியிலுள்ள நீரின் உப்பு சீக்கிரம் தீர்ந்து, அயனிகள் வெளியிலிருந்து வந்து சேரும்வரை மின்னோட்டம் தேங்கி நிற்கும். நீர் எவ்வளவுக்கு உப்பு குறைந்ததோ அவ்வளவுக்கு இந்தத் தேக்கம் மோசமாகும். 100 முதல் 300 மைக்ரோமீட்டர் தடிமனுள்ள தகடுகள் வழக்கத்தில் நிலைபெற்றதன் காரணம் இது.

நுண்துளை நிறைந்த கரிக்கு மிக எளிய மூலப்பொருள் தேங்காய்த் தொட்டி. லிக்னின் மிகுந்து கெட்டியாக இருக்கும் அதிலிருந்து கிடைக்கும் கரி அடர்த்தியானது, சாம்பல் குறைவு. கிளர்வூட்டியபின் அதில் உருவாகும் துளைகளில் பெரும்பகுதி 2 நானோமீட்டருக்குக் கீழே அமைகிறது. காங்கேயம், பொள்ளாச்சிப் பகுதிகளிலும் இலங்கையிலும் தொட்டிக்கரியும் கிளர்வூட்டிய கரியும் பெருமளவில் உற்பத்தியாகி ஏற்றுமதியாகின்றன. உப்புநீக்க ஆய்வுகளில் ஒப்பீட்டுக்கென உலகெங்கும் பயன்படுத்தப்படும் ஜப்பானின் குராரே நிறுவனக் கரிப்பொடியும் தேங்காய்த் தொட்டியிலிருந்து செய்வதுதான். குறைந்த காற்றில் சுட்ட கரியை 800 முதல் 1,000 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் நீராவியில் வைத்தால், கரியின் ஒரு பகுதி கார்பன் மோனாக்சைடாக அரித்துச் செல்ல, அங்கே துளைகள் பிறக்கின்றன. அதிகம் அரித்தால் துளைகள் அகன்று சுவர்கள் இடிந்து ஒன்றாகும். பரப்பு கூடியதுபோல் தோன்றும், அயனி பிடிக்கும் துளை குறைந்திருக்கும். பொட்டாசியம் ஹைட்ராக்சைடுடன் கலந்து 700 முதல் 800 டிகிரியில் சூடாக்கினால் இன்னும் மிகுந்த பரப்பு கிடைக்கும். ஆனால் அந்தக் காரம் உலையை அரிக்கும். அதைக் கழுவி நீக்கவே நிறைய நீர் வேண்டும். நீரைக் காக்கும் முறைக்கென இவ்வளவு நீரைச் செலவிடுவது பொருத்தமில்லை. நீராவி முறையே உகந்தது. எந்த முறையானாலும், கரியில் எஞ்சும் பொட்டாசியம், இரும்பு போன்ற கனிமங்களை அமிலத்தால் கழுவ வேண்டும். குறிப்பாக இரும்பு, வேண்டாத பக்கவினைகளுக்குத் துணைபோகும்.

பொடியைத் தகடாக்கும் வேலை சிறியதாகத் தோன்றும்; பல நல்ல கரிகள் கெடுவது இங்கேதான். கரிப்பொடியோடு 5 முதல் 10 விழுக்காடு கடத்துகரியும், அதே அளவு பிணைப்பானும் சேர்த்துக் குழைத்து, கிராஃபைட் தாளின்மேல் சீராகப் பூசி உலர்த்துவர். வழக்கமான பிணைப்பானாகிய பாலிவினைலிடீன் ஃபுளூரைடு நீரை ஒட்டவிடாதது, துளைவாய்களையும் அடைக்கும், அதைக் கரைக்கும் திரவமும் நச்சுத்தன்மை உடையது. நீரிலேயே கரையும் பாலிவினைல் ஆல்கஹாலை, சல்ஃபோனிக் தொகுதி கொண்ட அமிலத்தால் குறுக்குப் பிணைப்புச் செய்து பயன்படுத்தினால், பிணைப்பானே நேரயனிகளை மட்டும் அனுமதிக்கும் படலமாகவும் வேலைசெய்யும். இதுபோன்ற மாற்றங்கள் ஆய்விதழ்களில் பெரிய இடம் பெறுவதில்லை. உண்மையில் இவை தரும் பயன், புதிய நானோபொருள் ஒன்று தரும் பயனுக்குக் குறைந்ததன்று.

துளையின் வடிவத்துக்கு அடுத்தது பரப்பின் வேதியியல். 1960-களில் தவறான காரணத்துக்காகத் தேடிய வேதித் தொகுதிகள் இன்று சரியான காரணத்துக்காகத் திரும்பி வந்துள்ளன. கரியை நைட்ரிக் அமிலத்தில் வைத்தால் கார்பாக்சில் தொகுதிகள் உருவாகி, நீரில் அவை எதிர்மின்னூட்டத்தோடு நிலைத்து நிற்கும். அந்தக் கரியை எதிர்மின்முனையாக வைத்தால், உள்ளே எதிரயனிகள் தொடக்கத்திலேயே குறைவு. வெளியே தள்ள வேண்டியவை இல்லாததால் மின்னூட்டத் திறன் கூடும். நேர்மின்முனைக்கு இதற்கு எதிர்மாறாக, அமீன் தொகுதிகளை ஏற்றிய கரி வேண்டும். இதே நோக்கத்தை வெளியிலிருந்து நிறைவேற்றுவது அயனிப் பரிமாற்றச் சவ்வு. ஒவ்வொரு மின்முனையின் முன்னும் உரிய அயனியை மட்டும் விடும் சவ்வை வைத்தால் மின்னூட்டத் திறன் 90 விழுக்காட்டைத் தாண்டும். இன்று விற்பனைக்கு வரும் கருவிகளில் பல இத்தகையவை. ஆனால் சவ்வின் விலை கரியின் விலையைவிடப் பன்மடங்கு. கரியிலேயே மின்னூட்டத்தை நிலைநிறுத்தும் ஆய்வு இதனால்தான் மதிப்புப் பெறுகிறது.

இவை எல்லாவற்றையும்விடக் கடினமானது ஆயுள். வெப்ப இயக்கவியல்படி கரி, ஹைட்ரஜன் மின்முனையை ஒப்பிட 0.2 வோல்ட்டிலேயே நீரோடு வினைபுரிந்து கார்பன் டைஆக்சைடாக மாறத் தகுந்தது. அந்த வினை மிக மெதுவாக நடப்பதால்தான் கரி மின்முனை என்ற ஒன்று இருக்கிறது. ஆனால் நேர்மின்முனையில் அது நாள்தோறும் சிறிது சிறிதாக நடந்துகொண்டே இருக்கும். முதலில் துளைச்சுவர்களில் கார்பாக்சில் தொகுதிகள் ஏறும். நேர்மின்முனைக்கு அவை கேடு: அவற்றின் எதிர்மின்னூட்டம் நேரயனிகளைத் தன்னருகே வைத்துக்கொள்ளும். மின்னேற்றம் தொடங்கியதும் அந்த நேரயனிகள் வெளியே தள்ளப்படுவதால், தூய நீர் வரவேண்டிய நேரத்தில் உள்ளே விட்டதைவிட உப்பு கூடிய நீர் வெளிவரும். பழகிய மின்முனைகளில் காணப்படும் இந்தத் தலைகீழ் முகடு, ஆக்சிஜனேற்றம் எவ்வளவு முற்றியிருக்கிறது என்பதைச் சொல்லும் அறிகுறி. கரியின் மின்னூட்டம் சுழியாகும் அழுத்தமும் இடம்பெயரும், கொடுத்த 1.2 வோல்ட் இரு மின்முனைகளுக்கும் சமமாகப் பங்கிடப்படாமல் போகும். மறுபக்கம் எதிர்மின்முனையில், நீரில் கரைந்த ஆக்சிஜன் ஹைட்ரஜன் பெராக்சைடாகிறது. அதுவும் கரியைத் தாக்கும். நீரின் பி.எச். மதிப்பும் சுற்றுக்குச் சுற்று ஏறி இறங்கும். இஸ்ரேலின் பார்-இலான் பல்கலைக்கழகத்தில் ஔர்பாக்கும் அவருடன் பணியாற்றியவர்களும் இந்தச் சிதைவின் படிகளைப் பொறுமையாகத் தொடர்ந்து பதிவுசெய்தனர். இத்துறைக்குப் புதிய பொருள்களைக் காட்டிலும் அதிகம் தேவைப்படுவது இவ்வகை உழைப்பு.

ஒரு சுற்றுக்கு மின்னேற்றம் 10 நிமிடம், மின்னிறக்கம் 10 நிமிடம் என்று கொண்டால் நாளுக்கு 72 சுற்று. ஆண்டுக்கு 26,280 சுற்று. 50 சுற்றுகளுக்குப் பின்னும் குறையாமல் இயங்கியது என்று அறிக்கை எழுதினால், அது ஒருநாள் உழைப்பைக்கூடக் காட்டவில்லை. அதே கணக்கை மேலும் நீட்டலாம். சுற்றுக்குக் கிராமுக்கு 10 மில்லிகிராம் உப்பைப் பிடிக்கும் கரி, நாளொன்றுக்குத் தன் எடையில் 72 விழுக்காடு உப்பை நகர்த்துகிறது. முன்சொன்ன கிணற்று நீரில் நாளுக்கு ஆயிரம் லிட்டரைச் சீர்ப்படுத்த, நீர் இழப்பைக் கணக்கில் கொள்ளாவிட்டால், 2.1 கிலோ கரி போதும். ஐந்தாண்டு உழைத்தால் அந்தக் கரி 18 லட்சம் லிட்டருக்கு மேல் நீரைத் தந்திருக்கும். ஆகவே கரியின் விலையைக் கிலோவுக்குச் சில ரூபாய் குறைப்பதால் குடிநீர் விலை குறையாது. ஆறு மாதத்தில் மாற்ற வேண்டிய தகடு ஐந்தாண்டு நின்றால்தான் குறையும். பிடிதிறனை 12-லிருந்து 15 மில்லிகிராமாக்குவதைவிட ஆயுளை இரட்டிப்பாக்குவது பெரிய வெற்றி என்று கொள்ள இந்தக் கணக்கு ஒன்றே போதும்.

சிதைவைத் தணிக்க வழிகள் உண்டு. மின்னழுத்தத்தை 0.8 அல்லது 0.9 வோல்ட்டுக்குக் குறைத்தால் ஆயுள் கூடும், பிடிபடும் உப்பு குறையும். நேர், எதிர்மின்முனைகளை முறைவைத்து மாற்றிக்கொண்டே இருந்தால் இரண்டும் சமமாக மூப்படையும். உள்ளே வரும் நீரிலுள்ள ஆக்சிஜனை நைட்ரஜன் ஊதி அகற்றுவது ஆய்வகத்தில் பலன் தருகிறது. கிராமத்துக் கிணற்றடியில் நடவாத காரியம். கரியை ஹைட்ரஜன் சூழலில் உயர்வெப்பத்தில் சூடாக்கி, வினையாற்றும் விளிம்புகளை முன்கூட்டியே மூடிவிடுவது மற்றொன்று. எதிரயனிச் சவ்வு இருந்தால், எதிர்மின்முனையில் உண்டாகும் பெராக்சைடு நேர்மின்முனைக்குப் போவதும் ஓரளவு தடைப்படும். எல்லாவற்றிலும் துணிச்சலான வழியைக் காட்டியது அமெரிக்காவின் கென்டக்கி பல்கலைக்கழகக் குழு. நேர்மின்முனை எப்படியும் ஆக்சிஜனேற்றம் அடையப்போகிறது என்றால், தொடக்கத்திலேயே அதை ஆக்சிஜனேற்றி, மறுமுனையில் நேர்மின்னூட்டத் தொகுதிகளை ஏற்றி, மின்னிறக்க நிலையில் உப்பைப் பிடிக்கவும் மின்னேற்றத்தில் விடவும் செய்தால் என்ன என்று அவர்கள் கேட்டனர். தலைகீழாக இயங்கும் இந்த அமைப்பில், வழக்கமான மின்முனையைக் கெடுக்கும் மாற்றமே வேலைக்கு உதவுகிறது. பிடிதிறன் சற்றுக் குறைவு. நீடிப்பு வெகுவாகக் கூடுகிறது.

சோதனைக்குழாயில் சாப்பாட்டு உப்பு மட்டும் இருக்கும், கிணற்றில் அப்படியில்லை. கால்சியமும் மக்னீசியமும் பைகார்பனேட்டும் கலந்த நீரில், முதலில் எண்ணிக்கையில் மிகுந்த சோடியம் துளைகளுக்குள் புகும். நேரம் செல்லச் செல்ல, இரட்டை மின்னூட்டமுள்ள கால்சியம் அதை வெளியேற்றி இடம்பிடிக்கும் என்று 2012-இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. ஆகவே சுற்றின் நீளத்தை மாற்றியே, கடினத்தன்மையைக் கூடுதலாக நீக்கவோ குறைவாக நீக்கவோ முடியும். நைட்ரேட் இன்னும் சுவையான செய்தி. தட்டையான வடிவும் தளர்ந்த நீர்ப்போர்வையும் உடைய நைட்ரேட், மிகக் குறுகிய பிளவுத் துளைகளுக்குள் குளோரைடைவிட எளிதாக நுழைகிறது. லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்தினர் 2019-இல் 1 நானோமீட்டருக்கும் குறுகிய துளைக் கரியைக் கொண்டு நைட்ரேட்டைத் தேர்ந்து பிடித்தனர். உரம் இறங்கிய நிலத்தடி நீருக்கு இது பயன்படும். குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்ற வரம்புக்கு ஐ.எஸ். 10500-இல் தளர்வே இல்லை. ஃபுளூரைடு அப்படிப் பிடிகொடுப்பதில்லை. அதன் நீர்ப்போர்வை இறுக்கமானது. குளோரைடும் பைகார்பனேட்டும் பலமடங்கு மிகுந்திருக்கும் நீரில் அதற்கு முன்னுரிமை கிடைக்காது. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நீரில் ஃபுளூரைடு மட்டுமே சிக்கல் என்றால், கிளர்வூட்டிய அலுமினாவோ, படிகாரமும் சுண்ணாம்பும் கொண்ட நல்கொண்டா முறையோ எளிது. உப்பும் ஃபுளூரைடும் சேர்ந்து மிகுந்த இடத்தில் கரி மின்முனைகளுக்கு வேலை உண்டு. சென்னை ஐ.ஐ.டி.யில் தலப்பில் பிரதீப் குழுவினர் இம்மின்முனைகளை ஆய்ந்து, அந்த ஆய்விலிருந்து தொடங்கிய இன்னோடிஐ நிறுவனத்தின் வழியே கருவிகளாக்கியதும் இந்திய நிலத்தடி நீரை மனத்தில் கொண்டுதான். நீரில் மட்கிய தாவரப்பொருள் இருந்தால் அது தனித் தொல்லை. கிளர்வூட்டிய கரி இயல்பாகவே கரிமப்பொருளை ஈர்க்கும். மின்னிறக்கம் செய்தாலும் அது விடாது. துளைவாய் அடைபடாமல் இருக்க, மின்முனைக்கு முன்னால் சாதாரணக் கரி வடிகட்டி ஒன்று இருப்பது அவசியம்.

கரியை விட்டு விலகும் வழிகளும் வளர்ந்துள்ளன. மாங்கனீஸ் ஆக்சைடு, பிரஷ்யன் நீலம் போன்றவை சோடியத்தைத் தம் படிகத்துக்குள்ளேயே ஏற்கும். 2014-இல் கொரியாவில் செய்த கலப்பு மின்கலத்தில் ஒரு பக்கம் சோடியம் மாங்கனீஸ் ஆக்சைடும் மறுபக்கம் கரியும் வைத்து, கிராமுக்கு 31 மில்லிகிராம் உப்பைப் பிடித்தனர். கரிப்பொடியைக் குழம்பாகவே ஓடவிடும் முறையும் 2013-இல் அங்கே தோன்றியது. மின்முனை நிரம்பிவிடும் என்ற கவலை அதில் இல்லை. முன்னதில் படிகம் விரிந்து சுருங்கி உதிர்வதும், பின்னதில் குழம்பு ஓடும் குழாய் அடைபடுவதும் இன்னும் தீராத சிக்கல்கள்.

மின்முனைகளை ஒப்பிடுவதில் ஒழுங்கு வேண்டும். கிராமுக்கு இத்தனை மில்லிகிராம் என்ற ஒற்றை எண், உள்ளே விட்ட நீரின் உப்பளவு, மின்னழுத்தம், சுற்றின் நேரம் ஆகியவை இன்றிப் பொருளற்றது. செறிந்த நீரில் அளந்தால் எந்தக் கரியும் கூடுதலாகப் பிடித்ததாகவே தோன்றும். பிடிதிறனை ஓர் அச்சிலும் பிடிக்கும் வேகத்தை மற்றோர் அச்சிலும் குறிக்கும் வரைபடத்தைக் கொரியாவின் கிம், யூன் ஆகியோர் 2015-இல் முன்வைத்தனர். ஒரு மின்முனை நிறையப் பிடித்தும் மந்தமாக இயங்குகிறதா, குறைவாகப் பிடித்து விரைவாக இயங்குகிறதா என்பது அதில் பார்த்தவுடன் தெரியும். எடை எதைக் குறிக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும்: இரு மின்முனைகளின் மொத்தமா, ஒன்றினுடையது மட்டுமா, பிணைப்பான் சேர்த்தா, சேர்க்காமலா என்பதைப் பொறுத்து அதே முடிவு இரட்டிப்பாகத் தெரியக்கூடும். இவற்றோடு மின்னூட்டத் திறன், உள்ளே விட்ட நீரில் எத்தனை பங்கு நன்னீராகக் கிடைத்தது என்ற விகிதம், காற்றுக் கலந்த உண்மையான கிணற்று நீரில் ஆயிரக்கணக்கான சுற்றுகளுக்குப் பின் எஞ்சும் பிடிதிறன் ஆகிய மூன்றையும் சேர்த்துப் பதிவுசெய்தால், காங்கேயத்துத் தொட்டிக்கரியையும் ஆய்வகத்துக் கார்பைடுக் கரியையும் ஒரே அட்டவணையில் வைத்து, எந்த நீருக்கு எது ஏற்றது என்று தேர்ந்தெடுக்க முடியும்.